இரும்பு படிக்கிறோம்... இரும்பு இருக்கிறதா?

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். நிலா, மழை, நட்பு, பிரிவு, தாய்மை எல்லாவற்றையும் நம் கவிஞர்கள் ஏற்கனவே பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிச்சமாகக் கிடைத்தது ரத்தம். பயப்படாதீர்கள்! காதல் கடிதத்தில் தொட்டு எழுதுகிற ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு எடுத்துச் சோதிக்கிற ரத்தம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டரை அங்குல ஆணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 63 மில்லிமீட்டர், விட்டம் 3 மில்லிமீட்டர். கன அளவைக் கண்டுபிடித்து 7.85 என்ற அடர்த்தியால் பெருக்கினால் மூன்றரை கிராம் வரும். நன்றாகச் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருக்கும் ஒரு மனிதரின் உடம்பில் உள்ள மொத்த இரும்பும் ஏறக்குறைய இவ்வளவுதான். 3 முதல் 4 கிராம். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைவு. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனைத் தலை முதல் கால் வரை சுமந்து போகிற கூலியாள் இந்த ஹீமோகுளோபின்தான்.

வார்ப்பிரும்பு, தேனிரும்பு, எஃகு என்று மூன்று வருஷம் இரும்பைப் படித்துவிட்டு வெளியே போகப் போகிறோம். நமக்குள்ளே இருக்க வேண்டிய அந்த ஒரு ஆணி இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இதுதான் என் கட்டுரை.

லேத் முன்னால்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். அம்மா ஐந்தாவது வரை. அப்பா மூன்றாவது வரை. அம்மா பீடி சுற்றுகிறார். அப்பாவுக்குத் தோப்புகளில் தேங்காய் உரிக்கிற வேலை. "மெசினு படிக்கப் போறேன்" என்று நான் சொன்னபோது ஆச்சி, "பொட்டப்பிள்ள போய் இரும்ப என்னட்டி பண்ணப் போற?" என்று கேட்டார். ஆனால் அப்பா மறுபேச்சு பேசவில்லை. அட்மிஷனுக்கு அவரே என்னோடு வந்தார்.

இரண்டாம் ஆண்டில் லேத் பிராக்டிகல். மூன்று மணி நேரம் நின்றுகொண்டே செய்ய வேண்டிய வேலை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் டர்னிங் செய்துகொண்டிருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம். சக் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற தோழி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வொர்க்‌ஷாப் சார் ஓடி வந்து மெஷினை நிறுத்தினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மாதத்தில் அப்படி வந்தது அது இரண்டாவது முறை.

அடுத்த நாள் அப்பாவை வரச் சொன்னார்கள். "பெண் பிள்ளைகளுக்கு மெக்கானிக்கல் ஒத்து வராது. மெஷின்ல கையைக் கொடுத்துட்டா யார் பொறுப்பு? வேற பிரிவுக்கு மாத்த முடியுமான்னு பாருங்க" என்று சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் விரல்களைப் பற்றிய பயம்தான் அவர்களுக்கு. ஆனால் அப்பா தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில் என் படிப்பே ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா சொன்னது இரண்டே வரி. "அவளுக்கு மெசினுதான் சார் இஷ்டம். ஒரு மாசம் பொறுத்துப் பாருங்க சார்."

அந்த ஒரு மாதத்திற்குள்தான் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் கல்லூரியில் மருத்துவ முகாம் நடந்தது.

8.6

முகாமில் பெண்கள் வரிசை சின்னது. எங்கள் பிரிவில் நாங்கள் மூன்றே பேர். பையன்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. "டேய், ஊசியப் பாத்து அழுதுராதலே!" என்று கேலி. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கருவியில் வைத்தார் நர்ஸ் அக்கா. எண் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? கிளாஸ்ல தூக்கம் வருதா? தலை சுத்துதா?" என்று கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்றேன்.

"உனக்கு 12 இருக்கணும்மா. 8.6தான் இருக்கு. இதை வச்சுக்கிட்டு எப்படி மெஷின் முன்னாடி நிக்கிற?"

நூறு மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்பதுதான் இந்த எண். நம் வயதுப் பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். பதினைந்து வயதைத் தாண்டிய பையன்களுக்கு 13. பெண்களுக்கு 11க்கு மேல் 12க்குள் இருந்தால் லேசான ரத்தசோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தரம். 8க்குக் கீழே போனால் கடுமையானது.

எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது! 'சோம்பேறி', 'கிளாஸில் தூங்குமூஞ்சி', 'மெக்கானிக்கலுக்கு லாயக்கில்லாதவள்' என்று அதுவரை எனக்குக் கிடைத்த பட்டங்களுக்கெல்லாம் காரணம் 8.6 என்ற ஒரு எண். பெண் என்பதால் வந்த கோளாறு இல்லை. இரும்பு இல்லாததால் வந்த கோளாறு. இரும்பை ஏற்றிவிடலாம் அல்லவா?

அன்றைக்குக் கேலி செய்தவர்களிலும் சிலருக்கு எண் 13ஐத் தொடவில்லை. மாலையில் அவர்களே வந்து, "என்ன சாப்பிடணும்னு சொன்னாங்க?" என்று எங்களிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

எங்கே போயிற்று இரும்பு?

டாக்டர் அம்மா என்னிடம் நிறையக் கேள்வி கேட்டார். நான் சொன்ன பதில்களை நீங்களும் உங்கள் வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு முதல் பஸ் காலை 6.40. அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. அந்நேரத்துக்கு வீட்டில் உலை வைத்திருக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் டீதான் காலைச் சாப்பாடு. மதியம் டப்பாவில் சோறும் ரசமும், சில நாள் துவையல். இரவு, அப்பாவும் தம்பியும் சாப்பிட்ட பிறகு அம்மாவும் நானும் உட்காருவோம். முட்டை இருந்தால் அது தம்பிக்கு. "வளர்ற பையன்லா" என்பார் அம்மா. நானும்தான் வளர்ந்துகொண்டிருந்தேன். ஆனால் அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும்தான்.

வளர்கிற வயதில் எலும்பு, தசை, ரத்தம் எல்லாமே பெருகுகின்றன. பெருகுகிற ரத்தத்துக்குப் புதிதாக இரும்பு வேண்டும். பெண்களுக்கு மாதாமாதம் மாதவிடாயில் வேறு ரத்தம் போகிறது. சராசரியாக 30, 40 மில்லி. போகிற ரத்தத்தோடு இரும்பும் போகிறது. வரவு இல்லாமல் செலவு மட்டும் நடந்தால் எந்தக் கஜானாதான் தாங்கும்?

இன்னொரு களவாணியும் உண்டு. கொக்கிப்புழு! வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது பாதத்தின் வழியே உள்ளே போய்க் குடலில் கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். தோப்பும் வயலும் உள்ள எங்கள் ஊர்ப்பக்கம் செருப்பு என்பது கல்யாண வீட்டுக்கும் காலேஜுக்கும் மட்டும்தான்.

பத்தாம் வகுப்போடு நின்றுபோனவை

இங்கேதான் ஒரு விஷயத்தை நன்றாக யோசிக்க வேண்டும், நண்பர்களே.

நான் பள்ளியில் படித்தபோது மதியச் சத்துணவு உண்டு. 1956இல் காமராஜர் தொடங்கி வைத்து, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டம் அது. என் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு எவ்வளவு பெரிது என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். முட்டையும் அதில்தான் கிடைத்தது. வாரம் ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் ஒரு நீல நிற மாத்திரை கொடுப்பார். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை. வருஷத்தில் இரண்டு தடவை பூச்சி மாத்திரை.

பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். சத்துணவும் நின்றது, நீல மாத்திரையும் நின்றது, பூச்சி மாத்திரையும் நின்றது. என் வயது என்னவோ பதினாறுதான்! பதினொன்றாம் வகுப்புக்குப் போன என் பழைய தோழிகளுக்குப் பள்ளியில் மாத்திரை கிடைத்துக்கொண்டிருந்தது. அதே வயதில் டிப்ளமோவுக்கு வந்த எனக்கு இல்லை. நம்மைப் 'பெரியவர்கள்' கணக்கில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்த வயதில் இருந்தவர்கள் சுமார் 25 கோடிப் பேர். இவர்களுக்கென்றே தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் ஒன்றை மத்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கியது. சத்துணவு, இனப்பெருக்க நலம், மன நலம், போதைப் பழக்கம், காயமும் வன்முறையும், தொற்றா நோய்கள் என்ற ஆறு விஷயங்களை அது எடுத்துக்கொண்டது. நல்ல திட்டம். ஆனால் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளி வழியாகவும், படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு அங்கன்வாடி வழியாகவும் மாத்திரை போய்ச் சேர வழி இருக்கிறது. நடுவில் பாலிடெக்னிக்கில் நிற்கிற நாம்? கை நீட்டிக் கேட்டால்தான் உண்டு.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதே வயதுப் பையன்களில் நூற்றுக்கு 31 பேருக்கு! அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் 54, 29 என்று இருந்தவை கூடியிருக்கின்றனவே தவிரக் குறையவில்லை. அறுபது பேர் உள்ள நம் வகுப்பறையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எத்தனை பெஞ்சு வரும்?

மாத்திரை, முருங்கை, முட்டை

டாக்டர் அம்மா எனக்குத் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம். மாதம் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைத்தது.

முதல் வாரம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வயிற்றைப் புரட்டும். மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறைய பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்களாம். "உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்ச இரும்புதான் கறுப்பா போகுது. பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் தப்பித்தேன்.

அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் எழுதுகிறேன். ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

டீ, காபி இரண்டும் சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையோடு டீ கூடவே கூடாது. மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற புளிப்பும் வைட்டமின் சியும் உள்ளவை இரும்பை உள்ளே இழுத்துக் கொடுக்கும்.

கீரை, கம்பு, கேழ்வரகு, கடலை, பயறு எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் செடிகொடியில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஈரல், கறி, மீனில் உள்ளதை இன்னும் எளிதாக எடுத்துக்கொள்ளும். அதனால் கீரைச் சோற்றில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் கொஞ்சம் கூடுதல் லாபம்.

பீட்ரூட்டும் மாதுளையும் ரத்தச் சிவப்பாக இருப்பதாலேயே ரத்தம் ஊறிவிடாது. நிறத்தைப் பார்த்து ஏமாந்து, கிலோ நூற்றுக்கணக்கில் கொடுத்து மாதுளை வாங்க வேண்டியதில்லை. வேலியோரம் நிற்கிற முருங்கைக்குக் காசு கேட்பவர் யார்?

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இதைப் படித்துவிட்டு நீங்களாகவே கடையில் மாத்திரை வாங்கித் தினமும் போடக் கூடாது. சிலருக்கு வேறு காரணங்களாலும் ரத்தசோகை வரும். முதலில் சோதனை, அப்புறம் டாக்டர், அதற்கப்புறம்தான் மாத்திரை.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் எனக்கு வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிப்பதற்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. அதில் ஒரு பகுதியை முட்டைக்கும் கொண்டைக்கடலைக்கும் என்று ஒதுக்கினேன். ராத்திரி ஊறப்போட்ட கடலையைக் காலையில் அவித்துக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுவேன். கண்டக்டர் அண்ணன் கூட, "இன்னைக்கு என்ன சுண்டல்?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து என் எண் 11.3. அடுத்த சோதனையில் 12.1. மூன்று மணி நேரம் லேத் முன்னால் நின்றேன். கண் இருட்டவில்லை. ஸ்டெப் டர்னிங்கில் வகுப்பிலேயே துல்லியமான அளவு என்னுடையதுதான்! வொர்க்‌ஷாப் சார் மைக்ரோமீட்டரை வைத்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு, "நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேம்மா" என்றார். இப்போதெல்லாம் அவர் மெஷினை ஆன் செய்ய விடுவதற்கு முன்னால் ஆண், பெண் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறார். "காலைல சாப்ட்டியா?"

அம்மாவின் எண்

எனக்கு இருந்தால் அம்மாவுக்கும் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது லேசான காரியம் இல்லை. ஒரு நாள் போனால் அத்தனை பீடி குறையும், அத்தனை கூலி குறையும். "எனக்கு என்னட்டி கொறச்சல்? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். ஒரு சனிக்கிழமை சொளவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன்.

அம்மாவின் எண் 7.2.

அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றினார்கள். சில நாள் இடைவெளி விட்டு விட்டுப் பல தடவை. கடைசித் தடவை முடிந்து சில வாரம் ஆனபின் அம்மா ஒரு நாள் சொன்னார்: "ஒக்காந்தா எந்திரிக்க முடியாமதாம்ட்டி இத்தன வருசமும் கெடந்தேன். ஒங்க ஆச்சி சோம்பேறி, சோம்பேறின்னு சொல்லும்போது நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

என்னைப் பதினேழு வயதில் கண்டுபிடித்தார்கள். அம்மாவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை அந்த ரத்தத்தில்தான் பெற்று வளர்த்திருக்கிறார். இதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

நான் இதையெல்லாம் மலரில் எழுதப் போகிறேன் என்றதும் ஆச்சிக்குக் கோபம். "பிள்ளைக்கு ரத்தம் இல்லன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் வந்து கெட்டுவான்?" ஆச்சிக்கு அவர் காலத்துப் பயம். எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது, பேச்சு வர ஆரம்பித்துவிட்டது என்பதும் உண்மைதான். நான் சொன்னது இதுதான்: "ஒடம்பு சரியில்லாத பிள்ளையை மறைச்சுக் கெட்டிக் குடுத்தாத்தான் ஆச்சி கேவலம். எனக்குச் சரியாயிட்டுல்லா?" மலர்க்குழுவும், "பெயர் வேண்டாம், 'ஒரு மாணவி' என்று போட்டுவிடலாமா?" என்று அக்கறையோடு கேட்டது. வகுப்பைப் போடுங்கள் என்றேன். எங்கள் பிரிவில் மூன்றே பெண்கள் என்பதால் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்! மற்ற இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தண்ணீர், தாழ்ப்பாள், தொட்டி

பையன்களுக்குத் தெரியாத ஒரு ரகசியம் சொல்கிறேன். காலை ஆறரை மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காத பெண்கள் நம்மில் நிறைய உண்டு. தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டுமே! கதவில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்றால் எப்படிப் போவது? அடக்கி அடக்கிச் சிறுநீர்க் கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தவர்கள் எங்கள் தோழிகளிலேயே இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற இடம் இல்லாமல் லீவு போட்டு, அட்டெண்டன்ஸ் குறைந்து, கண்டொனேஷன் பணம் கட்டியவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் எத்தனை தாழ்ப்பாள் வாங்கியிருக்கலாம்!

இது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருந்த அருணாச்சலம் முருகானந்தம் இதையே ஒரு இயந்திரப் பிரச்சனையாகப் பார்த்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மரக்கூழை அரைத்துப் பஞ்சாக்குவது, அச்சில் அழுத்துவது, மேலுறை போட்டு ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது என்று வேலையைத் தனித்தனியாகப் பிரித்து, கிராமத்துப் பெண்களே இயக்கக்கூடிய மலிவான நாப்கின் இயந்திரத்தைச் செய்தார். ஊர் அவரைக் கேலி செய்தது. 2016இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. டிப்ளமோ இல்லாதவர் செய்ததை, டிப்ளமோ வாங்கப் போகிற நாம் வாய்விட்டுப் பேசக்கூடத் தயங்கலாமா?

நம் மாணவர் மன்றம் இந்த ஆண்டு கொடுத்த மனுவின் பேரில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாளும், குழாய் இணைப்பும், மூடி போட்ட குப்பைத் தொட்டியும் வந்திருக்கின்றன. மன்றத்துக்கு எங்கள் நன்றி. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்கு மேல் பையன்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும்

என் அம்மா சுற்றுகிற பீடியில்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது. என் செமஸ்டர் ஃபீஸும் அதில் வந்ததுதான். அதை வாங்கிப் பிடிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் கூசும் என்று நினைப்பீர்கள். ஆனால் புகையிலைத் தூளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அம்மாவின் இருமலை ராத்திரி கேட்பவள் நான். அம்மாவே தம்பியிடம் சொல்லிவிட்டார்: "நான் சுத்துதேன், அது வயித்துப்பாட்டுக்கு. நீ குடிச்சேன்னு தெரிஞ்சா கைய ஒடிச்சிருவேன்!" சுற்றுகிறவரே இப்படிச் சொன்னால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாதவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக் கூடாது. நம் கேட்டிலிருந்து நூறு கஜம் எதுவரை என்று அளப்பதற்கு நம் சர்வே லேபில் டேப்பும் செயினும் இருக்கின்றன. சிவில் நண்பர்கள் மனது வைத்தால் ஒரு மதிய நேரத்து வேலை!

இன்னொன்று. அரியர் விழுந்துவிட்டால் உலகமே முடிந்துவிட்டது போல விடுதி அறைக்குள் ஒடுங்கிக்கொள்கிறோம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு அந்தப் பாரம் இரண்டு மடங்கு. வீட்டில் சொன்னால் புரியாது, நண்பர்களிடம் சொன்னால் கௌரவக் குறைச்சல். மூளையில் நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் பகுதி முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும் என்கிறார்கள். ஆகவே பதினெட்டு வயதில், நடு ராத்திரியில், தனியாக எடுக்கிற எந்தப் பெரிய முடிவையும் நம்பாதீர்கள். யாரிடமாவது பேசுங்கள். யாரும் இல்லையென்றால் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். மன நல ஆலோசனைக்காகவே 2022இல் மத்திய அரசு தொடங்கிய எண் அது. தமிழிலேயே பேசுவார்கள்.

கேட்பது இவ்வளவுதான்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நம் வீடுகளில் நாம்தான் முதல் சுவர். நம்மை நம்பித்தான் பின்னால் தம்பியும் தங்கையும் நிற்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை எல்லா மாணவர்களுக்கும் ஹீமோகுளோபின் சோதனை. வாரம் ஒரு நீல மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு பூச்சி மாத்திரையும் நமக்கும் கிடைக்க ஆரம்ப சுகாதார நிலையத்தோடு ஓர் ஏற்பாடு. கேன்டீனில் காலை எட்டரைக்குள் விலை குறைந்த ஒரு சுண்டலும் முட்டையும். இந்த மூன்றையும் அடுத்த ஆண்டு மன்றப் பொறுப்புக்கு வருகிறவர்கள் தங்கள் வாக்குறுதியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மேளதாளம், கலைநிகழ்ச்சி எல்லாம் இருக்கட்டும். இதுவும் இருக்கட்டும்.

முதலாமாண்டில் சேர்ந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே! படிக்கட்டில் மூச்சு வாங்கினால் அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஒரு சொட்டு ரத்தம் கொடுத்து உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்துகொண்டு வந்து, அன்றைக்கே உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.